புண்ணைச் சுற்றி ஒரு கோடு

"வாடி விஞ்ஞானி! உன் மருந்து என்னமா வேலை செய்யுது பார்!"

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த படுக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். தங்கைக்குத்தான் தலை நிமிரவில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை. உள்ளங்காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் அழிச்சாட்டியம் செய்தது. தங்கையோ புண் ஆற்றும் ஜெல் ஒன்றைக் கண்டுபிடிக்க ஆய்வகமே கதியென்று கிடந்தவள். அதை மருத்துவமனையில் சோதிக்கிறார்கள் என்றதும் அக்கா தானாகவே பெயர் கொடுத்துவிட்டாள்.

சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து சேர்த்த ஜெல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஜெல். யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. குழாய்கள் எல்லாம் ஒரே மாதிரி. எண் மட்டும்தான் வேறு.

ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையை? மருந்து சேர்ந்தால் ஜெல் லேசாகக் கலங்கும், தண்ணீரில் பால் சொட்டியது போல. போன வாரம் அக்காவின் காலில் அவள் பார்த்தது கண்ணாடியாகத் தெளிந்த ஜெல்.

அப்போதே மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்ற குட்டு உடையும். சோதனையை முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

இன்று புண்ணை அளக்கும் நர்ஸ் விடுப்பு. "நீங்களே அளந்துடுங்களேன். கண்ணாடித்தாளை மேல வெச்சு ஓரத்தைச் சுத்திக் கோடு போடறதுதானே" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த அறைக்குப் போனார்.

கட்டைப் பிரித்தாள். புண் பாதிக்குப் பாதி சுருங்கியிருந்தது. சிவந்த குழியைச் சுற்றி வெளிர் ரோஜா நிறத்தில் புதுத் தோல்.

வெறும் ஜெல்லுக்கே இப்படி ஆறினால் என் மருந்துக்கு என்ன மரியாதை?

கூடப்பிறந்தவளின் கால் பிழைக்கிறது. இவளுக்கு வயிறு எரிந்தது.

தாளை வைத்துப் பேனாவை ஓட்டினாள். தோல் முளைத்த இடம் புண்ணில் சேராது. உள் ஓரத்தில்தான் வரைய வேண்டும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். பேனாவோ வெளி ஓரமாகவே ஊர்ந்தது.

உள்ளங்காலைப் பார்ப்பதற்கென்றே அக்கா ஒரு கைக்கண்ணாடி வைத்திருந்தாள். அதைச் சாய்த்துப் பிடித்தாள்.

"ஏன்டி, ஆறின இடத்தையும் சேர்த்து வளைக்கிற? அடுத்தவன் மனையில வேலி போடற மாதிரி!"

பேனா நின்றது. தங்கை தாளைக் கசக்கினாள். எழுந்துபோய் மருத்துவரைக் கையோடு கூட்டிவந்தாள்.

"டாக்டர், ஜெல்லைப் பார்த்தாலே எனக்கு எதுன்னு தெரியுது. இப்ப அளவையும் வேணும்னே பெருசா போட்டேன்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"போன வாரம்."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்னம்மா? இப்ப எல்லாத்தையும் நிறுத்தணும்." அவர் கைபேசியைக் காதில் வைத்தபடி வெளியேறினார்.

"அப்போ என் கால்ல போட்டது?" என்றாள் அக்கா.

"வெறும் ஜெல்க்கா."

"அடிப்பாவி! தெருவெல்லாம் உன் புகழ் பாடினேனே!" அக்கா குலுங்கிச் சிரித்தாள். "சரி விடு. காலைத் தரையில ஊனாதேன்னார் டாக்டர், ஊனாம கிடந்தேன். ஆறிடுச்சு. அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க?"

அத்தோடு விட்டிருக்கலாம். தங்கையால் முடியவில்லை.

"புண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரலைக்கா. ஆறாம இருந்திருக்கக் கூடாதான்னு தோணிச்சு."

சிரிப்பு நின்றது. அக்கா காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே வண்டிகள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை மடியில் கட்டுத்துணிச் சுருளோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கால் மறுபடி நீண்டது.

"திறந்து போட்டுட்டு எவ்வளவு நேரம் உட்கார்றது? கட்டு."

"வேற நர்ஸைக் கூப்பிடட்டுமாக்கா?"

"நீயே கட்டு."

தங்கை குனிந்தாள். அக்கா கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள்; கடைசி முடிச்சு விழும்வரை இறக்கவில்லை.