சுகமாய்ச் சேர்ந்தவர்

மாலை போட்டு வழியனுப்பப்பட்டவன் போய்ச் சேர வேண்டும். அவன் ஐந்தாம் நாள் அதே பெட்டியோடு திரும்பி வந்து நின்றால் அவனை எப்படி வரவேற்பது என்பதற்கு எந்தச் சபையும் முறை ஏற்படுத்தி வைக்கவில்லை. லாலாகூடா ரயில்வே பட்டறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கிதியோனுக்கு இந்த உண்மை உறைத்தது, 1973ஆம் ஆண்டு ஜூலை ஏழாம் தேதி நண்பகலில், சிக்கந்தராபாத் திருமுல்கேரியில் தம் வீட்டின் கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டிருந்தபோதுதான்.

அந்நேரம் அவர் போர்ட் பிளேயரில் இறங்கியிருக்க வேண்டும். அங்கே வனத்துறையில் வேலை பார்க்கும் ஜெயகரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவருடைய ஒரே மகள் செலின். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க வேண்டிய காரியம் அது. ஆனால் தாய் இல்லை. ஞானசௌந்தரி செலினைப் பெற்ற மூன்றாம் நாள் கண்ணை மூடியவள். மாமியாரோ பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, “கப்பல் ஏறவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். ‘எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. நீங்களாவது வாருங்கள்’ என்று மகள் எழுதினாள். தாய் செய்ய வேண்டியதைத் தகப்பன் செய்யப் போகிறார் என்று ஊர் சிரிக்குமே என்று கிதியோன் ஒரு கணமும் எண்ணவில்லை. சுக்கும் திப்பிலியும் இடித்துச் சலித்துத் தாமே பிரசவ மருந்து கிளறினார். டாக்டர் குறித்த நாள் ஜூலை இருபத்திரண்டு. நான்காம் தேதி சென்னையில் கப்பல் ஏறினால் ஏழாம் தேதி அங்கே இருக்கலாம். இரண்டு வாரம் கையில் மிச்சம்.

சபையார் அவருக்கு வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். சிக்கந்தராபாத் நிலையத்துக்குப் பதினேழு பேர் வந்து, ரயில் நகரும்வரை கீர்த்தனை பாடினார்கள். அறுபத்தொரு வயதில் கிதியோனுக்குக் கிடைத்த முதல் மாலை அது. கழுத்திலிருந்து கழற்ற மனம் வராமல் காஜிப்பேட்டைவரை அணிந்தே இருந்தார்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் நின்றது. யாரையும் ஏற்றவில்லை, அவ்வளவுதான். ‘புறப்பாடு ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பலகை வைத்தார்கள். எந்த நாளுக்கு, என்ன காரணத்தால் என்று ஒரு சொல் இல்லை. அறிவிப்பு என்று பெயர். அது அறிவித்தது ஒன்றுமில்லை. முந்நூறு மனிதர்களைத் தகரக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டு இவ்வளவுதான் சொல்ல முடியுமென்றால், அந்தப் பலகையை வைக்காமலே விட்டிருக்கலாம்; அதைச் செய்த தச்சனின் உழைப்பாவது வீணாகாமல் இருந்திருக்கும்.

“எப்ப சார் கெளம்பும்?” என்று மணிக்கொரு தரம் கிதியோன் டிக்கெட் சாளரத்தில் கேட்டார்.

“வெயிட் பண்ணுங்க சார்.”

“எவ்வளவு நேரம்னு ஒரு கணக்கு வேண்டாமா?”

“அதைக் கப்பலைத்தான் கேக்கணும்” என்றான் உள்ளே இருந்தவன்.

மற்றவர்கள் அந்தக் கொட்டகையைக் குடித்தனமாக்கிக்கொண்டார்கள். தோட்ட வேலைக்குப் போகிற ராஞ்சிக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து பாடினார்கள். ஒரு பட்டாளத்துக்காரர் தம் இரும்புப் பெட்டியின்மேல் சீட்டுக்கச்சேரி தொடங்கினார். அன்னக்கிளி என்றொரு கைக்குழந்தைக்காரி துணி துவைத்துக் கம்பிவேலியில் உலர்த்தி, அடுப்பு மூட்டி, அறிமுகமில்லாதவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள். “வாங்க பெரியவரே, நின்னா கப்பல் வந்துருமா?” என்று அவரையும் கூப்பிட்டாள். கிதியோன் வேண்டாமென்று தலையசைத்தார். காத்திருப்பதற்கு ஒரு திறமை வேண்டும். முன்பின் தெரியாதவரோடு காலை நீட்டி உட்காரத் தெரிய வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போன மனிதருக்கு அது வரவில்லை. மூன்று நாளும் பெட்டியின் பிடியை விடாமல் நின்றார்.

வெள்ளிக்கிழமை சொன்னார்கள்: இயந்திரக் கோளாறாம், பதினெட்டாம் தேதிதான் புறப்படுமாம். பதினெட்டில் ஏறினால் இருபத்தொன்று. அப்போதும் ஒரு நாள் மிச்சம். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு, ‘கப்பல் பதினெட்டுக்கு ஒத்திவைப்பு, வீடு திரும்புகிறேன்’ என்று மருமகனுக்குத் தந்தி கொடுத்துவிட்டு அன்றே ரயிலேறினார்.

முன்கதவின் சாவி பக்கத்து வீட்டு மெட்டில்டாவிடம் இருந்தது. அவளும் கணவன் துரைராஜும் ஒரே சபை. இருபது ஆண்டுப் பழக்கம். சனிக்கிழமை நண்பகலில் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. தம்மிடம் இருந்த கொல்லைச் சாவியைப் போட்டுக் கிதியோன் உள்ளே வந்தார். மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மாலையில் அவர்கள் வீட்டில் விருந்தாளிகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டிருக்கிறவர்கள் நடுவே போய், ‘நான் போகவில்லை’ என்று சொல்வது எப்படி? காலையில் ஆராதனைக்கு முன்னால் ஆயரிடமே சொல்லிவிடலாம் என்று படுத்தார். நான்கு நாள் கண்விழிப்பு அவரை அடித்துப் போட்டது. எழுந்தபோது ஞாயிறு பத்தரை மணி. ஆராதனை முடிந்துவிட்ட நேரம்.

சுவருக்கு அப்பால் மெட்டில்டாவின் குரல் கேட்டது.

“கிதியோன் அண்ணாச்சி பேரைச் சொன்னதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ‘கடற்பிரயாணம் முடிச்சு, சுகமாய்ப் போய்ச் சேர்ந்ததுக்காக’ன்னு பாஸ்டர் எவ்வளவு அழகா வாசிச்சாரு!”

கிதியோன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மறந்தே போயிருந்தார். பயணம் நலமாக முடிந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பதும், அதை ஆராதனையில் ஆயர் வாசிப்பதும் சபையின் வழக்கம். போர்ட் பிளேயரிலிருந்து காணிக்கை அனுப்பினால் வந்து சேர ஒரு மாதமாகும். ஆகவே, எதிலும் பாக்கி வைத்துப் பழகாத கிதியோன், சேருகிற நாளை முன்கூட்டியே கணக்கிட்டு, ‘எட்டாம் தேதி வாசிக்கவும்’ என்று உறையின்மேல் எழுதி, புறப்படுவதற்கு முன்பே ஆயரிடம் கொடுத்திருந்தார். கடவுள் இன்னும் செய்யாத உதவிக்கு நன்றியை முதலிலேயே செலுத்திவிட்டார்.

“அந்த மனுஷன் இன்னேரம் அங்க பட்டாளம் நடத்துவாரு” என்று துரைராஜ் சிரித்தான். “வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வாரமா காது குளுந்து கெடக்கு. குப்பையை இங்க போடாதே, பைப்பை நல்லா மூடு… ஹப்பா!”

“சும்மா இருங்க. பாவம், தனியாளு.”

“ஹவ், ஆமா, தனியாளுதான். யாரு வேண்டாம்னது?”

அந்தக் கணமே வெளியே போயிருக்கலாம். அறிவுள்ளவன் போயிருப்பான். ஆனால் கிதியோனின் மனம் வேறு வகையில் கட்டப்பட்டிருந்தது. பலிபீடத்தின் முன்னால் நின்று ஆயர் வாசித்துவிட்டார். முந்நூறு பேர் ஆமென் என்று சொல்லிவிட்டார்கள். தாம் இப்போது வாசலில் போய் நின்றால் ஆயர் பொய் சொன்னவராவார். இன்னும் எட்டு நாள். பதினாறாம் தேதி விடியலில் கொல்லைவழியே போய்விட்டால், சொன்னது சொன்னபடி மெய்யாகிவிடும், கொஞ்சம் தாமதமாக. பெரியவர்கள் இதைவிட மட்டமான காரணங்களுக்காகவும் ஒளிந்திருக்கிறார்கள்.

அன்றுமுதல் தம் வீட்டிலேயே திருடனைப்போல் வாழ்ந்தார். மண்ணெண்ணெய் வாடை வெளியே போகுமென்று அடுப்பு மூட்டவில்லை. மருமகனுக்கென்று சுட்டுத் தனி டப்பாவில் வைத்திருந்த முறுக்கையும் தண்ணீரில் நனைத்த அவலையும் தின்றார். குழாயின் வாயில் துண்டைச் சுற்றி, நீர் நூலாக வடியும்படி திறந்தார். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்தார். காலையும் மாலையும் முன்வாசலில் மெட்டில்டா அவருடைய குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, கதவுக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்று, வாளியின் வளையம் கிணுகிணுப்பதைக் கேட்டார். நாளில் அவர் எதிர்பார்த்திருந்த நேரங்கள் அந்த இரண்டுதான்.

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒளிந்திருப்பதில் தமக்குச் சிரமமே இல்லை. கதவு தட்டப்படாததும், பேச வேண்டிய தேவை எழாததும், ஒரு தட்டைக் கழுவி ஒரு தட்டை எடுத்துவைப்பதும் புதியவை அல்ல. ஊரில் இருந்தபோதும் திங்கள்முதல் சனிவரை இப்படித்தான் இருந்தது. போய்விட்ட மனிதராக நடிப்பதற்கு அவர் கூடுதலாகச் செய்ய வேண்டியிருந்தது, விளக்கை ஏற்றாமல் இருப்பது ஒன்றே. இந்த எண்ணம் வந்தபின் அவலை மெல்ல முடியாமல் கிண்ணத்தை அப்பால் தள்ளினார். செலினை நினைத்துக்கொண்டார். கடலுக்கு அப்பால் ஒருத்திக்கு அவர் தேவை. இருபத்தொன்றாம் தேதி படகுத்துறையில் அவள் கண்கள் அவரைத் தேடும். அதுபோதும், அதற்காக இன்னும் ஒரு மாதம்கூட அவல் தின்னலாம்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது.

“தார் ஹை! கிதியோன் சாப்! தந்தி!”

அப்துல் ரஹீமின் குரல் அது. கன்டோன்மென்டின் தமிழ் வீடுகளுக்கு இருபது வருடமாகத் தந்தி கொண்டுவந்து கொடுத்தே தமிழ் கற்றுக்கொண்டவர்.

மெட்டில்டா வேலியருகே வந்தாள். “அவங்க இல்ல பாய். ஜஹாஸ்ல போயிட்டாங்க, அந்தமானுக்கு. எங்கிட்டக் கொடுங்க.”

“நக்கோ அம்மா. பேரு யாருக்கோ, கையெழுத்து அவங்கதான் போடணும். ரூல் ஹை.”

“வீட்டுச் சாவியே எங்கிட்ட இருக்கு, தந்தி கொடுக்கமாட்டீங்களா? எங்கேயிருந்து வந்திருக்கு, அதையாச்சும் சொல்லுங்க.”

“போர்ட் பிளேயர்.”

“அங்கதானே அவரே இருக்காரு! அங்கேயிருந்து இங்க எதுக்கு அவருக்குத் தந்தி வருது?” மெட்டில்டாவின் குரல் சட்டென்று தாழ்ந்தது. “ஏதாவது… கெட்டதா பாய்?”

“எனக்கு என்ன தெரியும் அம்மா? ஒட்டி இருக்கு. ஆபீஸுக்கே திருப்பிடறேன்.”

கதவின் மறுபக்கம் கிதியோன் தேதியை எண்ணினார். டாக்டர் குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னதாகத் தந்தி. ஞானசௌந்தரிக்கும் நாள் முந்தித்தான் வந்தது. அன்றும் பட்டறைக்குள் அவருக்கு இப்படித்தான் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். தந்தியில் இருப்பது பிறப்பாக இருக்கலாம்; மற்றதாகவும் இருக்கலாம். சைக்கிளின் தாங்கியைக் காலால் தட்டி விடுவிக்கும் ஓசை கேட்டது. ஆயரின் சொல், முந்நூறு பேரின் ஆமென், பதினேழு பேரின் கீர்த்தனை எல்லாம் அந்த ஓசையில் உதிர்ந்து விழுந்தன.

“ரஹீம்!” ஐந்து நாள் பேசாத தொண்டையிலிருந்து பிளிறலாக வந்தது. ஜன்னலின் கொக்கியைப் பிய்த்தெடுத்துத் திறந்தார். “போகாதீங்க! நான் இங்கதான் இருக்கேன்!”

மெட்டில்டா, “ஏசுவே!” என்று வேலியைப் பிடித்துக்கொண்டாள். அப்துல் ரஹீம் மட்டும் கலங்கவில்லை. தந்தி கொண்டுபோகிறவன் பார்க்காத முகம் உண்டா? ஜன்னல் கம்பிக்குள் புத்தகத்தை நீட்டி, “இங்க கையெழுத்து, சாப்” என்றார்.

கையெழுத்துப் போட்டார். உறையைக் கிழித்து ஆங்கிலத்தில் இருந்ததை இரண்டு முறை படித்தார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் சுகம். அம்மா விமானத்தில் வந்து உடனிருக்கிறார். பயணத்தை ரத்து செய்யவும். ஜெயகரன்.

இருவரும் சுகம் என்ற இடத்தில் கிதியோன் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டார். அதன் பிறகே அடுத்த வரிக்கு வந்தார். கப்பலுக்கு மாட்டேன் என்ற அம்மையார் விமானத்துக்குச் சம்மதித்துவிட்டார். அவர் செய்தது சரிதான். பெண்பிள்ளைக்குப் பெண் துணை இருப்பதுதான் முறை. அதில் குறை காண ஓர் எழுத்தும் இல்லை.

“என்ன அண்ணாச்சி? செலினு?”

“சுகம். பேத்தி பிறந்திருக்கு.”

மெட்டில்டா இரண்டு கையையும் தட்டிவிட்டு ஓடிப்போய்ச் சாவியை எடுத்துவந்து முன்கதவைத் திறந்தாள். உள்ளே அவல் கிண்ணத்தையும், குழாயில் சுற்றிய துண்டையும், கட்டவிழ்க்காத பெட்டியையும் பார்த்தாள். அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

“எத்தனை நாளா?”

“சனிக்கிழமையிலிருந்து. கப்பல் புறப்படல. பாஸ்டர் ஆலயத்துல வாசிச்சுட்டாரே, மெட்டில்டா. நான் எப்படி வெளிய வர?”

“பாஸ்டருக்குத்தான் தெரியாது. நீங்க எங்க இருக்கீங்கன்னு ஆண்டவருக்கும் தெரியாதா?” என்று வெடித்தாள். “நடுவுல ஒரு சுவரு அண்ணாச்சி! மிஞ்சின சோத்தை நாய்க்குப் போட்டேனே, ஒரு குரல் கொடுத்தா என்ன? எங்களை அவ்வளவு அந்நியமா நெனச்சீங்களா?”

துரைராஜ் சிரித்தது அவர் காதில் இன்னும் இருந்தது. “தொந்தரவு எதுக்குன்னுதான்” என்றார்.

வாசலில் அப்துல் ரஹீம் தொண்டையைச் செருமினார். “முபாரக் சாப். ஜவாப் உண்டா?”

கிதியோன் அவர் கையில் சந்தோஷத்துக்கென்று சில்லறை கொடுத்து, “பதிலை நானே ஆபீஸுக்கு வந்து கொடுக்கிறேன்” என்று அனுப்பிவைத்தார்.

மெட்டில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தினாள். “சரி, கப்பல் எப்பன்னு சொல்லிட்டாங்களா? பேத்தி முகத்தைப் பாக்கணும்ல? செலினு எதிர்பாத்துக்கிட்டே இருக்குமே. மருமகன் சீக்கிரம் வரச் சொல்லி எழுதியிருக்காரா?”

தந்தி கிதியோனின் கையில் இருந்தது. வாழ்நாளில் அவர் ஒரு விடுப்பு விண்ணப்பத்தில்கூடப் பொய்க்காரணம் எழுதியதில்லை. ஆயர் பொய்யராகக் கூடாதென்று ஐந்து நாள் இருட்டில் இருந்தவர். அந்தத் தாளை நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்தார். பையின் பொத்தானைப் போட்டார்.

“ஆமா. வரச் சொல்லியிருக்காங்க” என்றார். “பதினெட்டாம் தேதி கப்பல்.”

“பாத்தீங்களா! இந்தத் தடவையும் ஸ்டேஷனுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்துருவேன்” என்று சொல்லிக்கொண்டே, அவருக்குச் சோறு கொண்டுவர மெட்டில்டா வேலியைத் தாண்டி நடந்தாள்.