அண்ணன் வரையாத முகம்

சைமன் தன் அண்ணனின் தாடையில் சோப்பு நுரையைத் தடவினான். சவரம் செய்ய ஆள் வர நேரமாகும் என்றார்கள், அவனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் பேசாதிருந்தவன், அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்ததை உறவினர்கள் வாயடைத்துப் பார்த்தார்கள்.

அண்ணன் சந்தியாகப்பன் ஒடுகத்தூரில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கேலிச்சித்திரங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று எப்படியோ அவர் கையில் சிக்கியது. பெரிய பெரிய தலைவர்களையெல்லாம் மூட்டை வயிறும் கழுகு மூக்குமாக அச்சடித்துத் தெருவில் விற்றிருக்கிறார்கள். மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ரப்பர் ஷீட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுத்து, தேர்தலுக்குத் தேர்தல் உள்ளூர்ப் புள்ளிகளைப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டினார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சைமனும்தான், கவுன்சிலர் பதவிக்கு அவன் நிற்கும் வரை.

அந்த முறை சுவரில் அவனும் இருந்தான். மூட்டை வயிறு, ஒரு பக்கம் ஏறிய புருவம், காது மடலில் இருந்த தழும்பு வரை அப்படியே. கிழித்தெறிந்துவிட்டு, "நீ எனக்கு அண்ணனே இல்ல" என்று இந்த வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான்.

அடுத்த தேர்தலில் எல்லா வேட்பாளர்களும் சுவரில் இருந்தார்கள், அவனைத் தவிர. "உனுக்கு இன்னாப்பா, அண்ணன் வுட்டுட்டாரு" என்று கட்சிக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். சைமனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பன்றியாகவாவது வரைந்திருக்கலாமே என்று ஏங்கினான்.

சவரம் முடிந்தது. அண்ணி அன்னமேரி ஈரத்துண்டால் புருஷனின் முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணி, அதுக்கப்பறம் என்ன ஏன் வரையவே இல்ல? அவ்ளோ கோவமா?"

"கோவமா, அவருக்கா? ஒவ்வொரு எலக்சனுக்கும் உங்க படத்த வரையத்தான் மொதல்ல ஒக்காருவாரு தம்பி. வராதுன்னு வச்சிடுவாரு. அதான் ஊரெல்லாம் போஸ்டர்ல தம்பி கீறாரே, பாத்து வரையலாமேன்னு கேட்டா, அது போட்டோக்காரன் பண்ண மூஞ்சின்னுவாரு. 'என்னக் கண்டா அவன் அந்தாண்ட தெருவுல பூந்து போய்டறான். எதுர்ல வந்து செத்த ஒக்காந்தான்னா போதும், வந்துடும்'னு சொல்லிக்கினே இருந்தாரு."

சவப்பெட்டி வாங்க ஆட்டோ போயிருந்தது. அண்ணனின் மகள் மெர்சிலின் ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கிக்கொண்டிருந்தாள்.

சைமன், வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை உள்ளே தூக்கி வந்து அண்ணனுக்கு எதிரே போட்டான். காலரைச் சரிசெய்துகொண்டு, முகத்தைச் சற்று வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, அசையாமல் உட்கார்ந்தான்.