ஒரு மூடி டானிக்

மகள் மாரிசெல்விக்கு மூன்று வயது. இரண்டு தடவை வலிப்பு வந்துவிட்டதால், தலையை ஸ்கேன் எடுக்க விருதுநகருக்குக் கூட்டிவந்திருந்தோம். பிள்ளை ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டுமாம். அதற்குத் தூக்க மருந்து கொடுப்பார்களாம்.

"காலையில இருந்து பாலு, பிஸ்கட்டு எதுவும் குடுத்தீகளா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"பச்சத்தண்ணிகூட குடுக்கலம்மா" என்றார் என் வீட்டுக்காரர் செல்லச்சாமி.

"வேற மருந்து, டானிக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியத்தை எட்டு மாதமாகச் செய்துவருகிறவள் நான். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வேலை. ஆறு மணிக்கு வேன் வந்துவிடும். பக்கத்து வீட்டு மாடத்தி மதினிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். ஆனால் அழுகிற பிள்ளை அவளுக்கு ஆகாது. சளி டானிக்கில் ஒரு மூடி ஊற்றிவிட்டு வேன் ஏறினால், மாரிசெல்வி மத்தியானம் வரை தூங்குவாள். சளி இருக்கிறதா என்று யார் பார்த்தது? பஸ்ஸில் பாலுக்கு அழுவாளே என்று, இன்றைக்கும் இவர் குளிக்கப் போன நேரத்தில் ஊற்றிவிட்டேன். ஆனால் பஸ் இரைச்சலில் அவள் தூங்கவே இல்லை.

நர்ஸ் கொடுத்த மருந்துக்கு அரை மணி நேரமாகியும் பிள்ளை தூங்கவில்லை. கண் சொருகுவதும் சிணுங்குவதுமாக இருந்தாள். "ஊசிதான் போடணும்" என்றபடி டாக்டர் வந்தார். எனக்குப் பயம்கூட வரவில்லை. மரத்துப்போய், யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பதுபோல் நின்றேன். பஞ்சால் அவள் கையைத் துடைத்தபோதுதான் வாய் திறந்தது.

"காலையில சளி டானிக்கு குடுத்தேன் சார். தெனமும் குடுக்கேன். தூங்கட்டும்னுதான்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "அந்த டானிக்குக்கு மேல இந்த ஊசியையும் போட்டிருந்தா மூச்சே நின்னிருக்கலாம்மா." இன்றைக்கு ஸ்கேன் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெளியே போய்விட்டார். அடித்திருந்தால் தேவலை.

கொஞ்ச நேரத்தில் மாரிசெல்வி தூங்கிவிட்டாள். நர்ஸ் அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணி எழுதினாள்.

"முழிக்கிற வரைக்கும் நான் இங்கனயேதான் இருப்பேன். நீங்க போயி காப்பி குடிச்சிட்டு வாங்கக்கா."

"தூங்குற பிள்ளைக்கு எதுக்கும்மா காவலு?"

"தூங்கும்போதுதான் பாக்கணும்க்கா."

நான் போகவில்லை. சுவரில் சாய்ந்து அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். டானிக் குடித்து அவள் தூங்குவதை, இந்த எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.