இரண்டு லென்ஸ், ஒரு சுவர்

என் அண்ணனுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. சுற்றி வளைத்துச் சண்டை போடத்தான் வரும். ஆறு மாதமாகப் படமெல்லாம் மங்கலாக வருகிறது என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவன், கம்ப்யூட்டரில் அதைத் திருத்துவது நான். எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. "இன்னும் ஷார்ப் பண்ணு, இன்னும் பண்ணு" என்று பின்னால் நின்று படுத்துவான். போன மாதம் ஒரு அம்மா தன் படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு மீசையா இருக்கு?" என்று கேட்டார். திட்டு வாங்கியது நான்.

கடைசியில் பழி லென்ஸின்மேல் விழுந்தது. "மலிவு லென்ஸ்னா இப்படித்தான்" என்று சொல்லி, அதைவிடப் பத்து மடங்கு விலையுள்ள ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்தான். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். "தொடாதே" என்றான். நான் தொடவே போகவில்லை.

செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டினோம். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தோம். நான் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுப்பகுதியில் சொல்லும்படி வித்தியாசமில்லை. மலிவு லென்ஸில், வெளிச்சம் நுழையும் துவாரத்தை முழுசாகத் திறந்து எடுத்ததில் மட்டும் மூலை எழுத்துகள் கரைந்து, ஓரங்களில் ஊதா நிறம் கசிந்திருந்தது. விலை கூடியதில் கடைசி மூலைவரை ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று நின்றது. எனக்கே ஆசை வந்துவிட்டது.

அண்ணன் குனிந்து பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் பார்த்தான்.

"ரெண்டும் மங்கல்தான். வாடகைக்கு விடறவன் ஏமாத்திட்டான்."

"அண்ணா, விளையாடறியா? இந்த மூலையைப் பாரு. 'மாடியில் இரண்டு அறை, தண்ணீர் வசதி உண்டு'ன்னு இருக்கு. ஃபோன் நம்பரே படிக்கலாம்."

"எங்க? ஒண்ணும் தெரியல. உன் மானிட்டர்தான் சரியில்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினேன். அவன் இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருஷம் வலது கண்ணைக் கேமராவில் வைத்தே பிழைத்தவன். படம் என்று எதைப் பார்த்தாலும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். அதைச் சொல்லி வீட்டில் கேலிகூடச் செய்திருக்கிறோம்.

"அந்தக் கண்ணைத் திற" என்றேன். திறக்கவில்லை. என் உள்ளங்கையால் அவன் வலது கண்ணைப் பொத்தினேன். வேறு வழியில்லாமல் இடது கண் திறந்தது.

"மாடியில் இரண்டு அறை" என்று மெதுவாக வாசித்தான். "தண்ணீர் வசதி உண்டு." ஃபோன் நம்பரையும் கடைசி இலக்கம்வரை சொன்னான்.

கையை எடுத்தேன். "எத்தனை நாளா இப்படி?"

அவன் எழுந்துபோய் வாடகை லென்ஸுக்கு மூடி போட்டான். முன்னறையில் அண்ணி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சந்தேகம் இருந்துச்சும்மா. வலது கண்ணை மூடிப் பார்த்தா தெரிஞ்சிடும்னுதான் பார்க்கவே இல்ல. லென்ஸாவே இருக்கணும், லென்ஸாவே இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். லென்ஸ்னா மாத்திக்கலாம்ல?"

ஆறு மாதமாக இவனை எவ்வளவு பேசியிருக்கிறேன்! என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவன் கையைப் பிடித்தேன்.

"கிளம்பு, டாக்டர்கிட்ட போகலாம்."

"சரி, வரேன். உங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லாதே."

"அண்ணீ!" என்று கத்தினேன்.