காத்துவாய்ப் பாதையின் சிவப்புத் துணி

யோகேந்திரனிடம் சைக்கிள் பயணம் வருகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்லும் வார்த்தை, "நான் இந்தத் தோட்டத்துலயே பொறந்தவன்" என்பதுதான். சொல்லும்போது நெஞ்சு ஒரு விரற்கடை முன்னால் வரும். பொய் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கோலாலம்பூரில் ஆறு வருடம் கூரியர் வேலை பார்த்து, அலுத்துப்போய்த் திரும்பி வந்து, பிரிஞ்சாங்கில் எட்டு மலைச் சைக்கிள்களோடு தொழில் தொடங்கியவன்.

முதல் நாள் கோலா தெர்லாவிலிருந்து கியா பார்ம் வரை மிதிப்பது. மறுநாள் தேயிலைக்குள் புகுந்து, சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் காத்துவாயைக் கடந்து லெம்பா பெர்த்தாம் பக்கம் இறங்குவது. இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள அந்தக் கணவாய்க்குத் தோட்டத்து மக்கள் வைத்த பெயர் காத்துவாய். எட்டரைக்குள் ஏறிவிட்டால் பள்ளத்தாக்கு நிறையப் பனி கிடக்கும். அதற்குப் பிறகு போனால் வெறும் வெயில்தான். வருகிறவர்கள் அந்தப் பனிக்காகத்தான் வந்தார்கள். தோட்டத்து மேனேஜர் வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதியில்தான் அந்தப் பாதையும் அவன் பிழைப்பும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தச் சனிக்கிழமை ஆறு சைக்கிள்களோடு கிளம்பியதில் ஒன்றின் டயர் பஞ்சராகி, பன்னிரண்டாம் நம்பர் தேயிலை மலையின் அடியில் வந்து நிற்கும்போதே மணி எட்டாகிவிட்டது. பாதைக்குக் குறுக்கே சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அந்தத் துணிக்கு அர்த்தம் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்: மருந்து அடித்திருக்கிறது, இன்றைக்கு யாரும் உள்ளே போகக்கூடாது. தோட்டத்து ஆட்களுக்கு இன்னொன்றும் தெரியும். கட்டுகிற கைக்கு அவிழ்க்கிற ஞாபகம் இருக்காது. போன வாரத்துத் துணி இந்த வாரமும் தொங்கும். வெளியூர்க்காரன் என்றால் பேசாமல் சைக்கிளைத் திருப்பியிருப்பான். விஷயம் தெரிந்தவன் என்பதால்தான் யோகேந்திரன் நின்று யோசித்தான்.

"என்ன அது?" என்றாள் கூட வந்த டிஃபனி.

"மருந்து அடிச்சா கட்டுவாங்க. கழட்ட மறந்துடுவாங்க. பழசு லா."

துணி வெளுத்திருக்கவில்லை. முடிச்சு இறுக்கமாக, புதிதாக இருந்தது. அதை அவன் கண் பார்த்தது. பார்த்ததை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். லோரி ரோட்டில் சுற்றினால் முக்கால் மணி நேரம். அவிழ்த்து, ஆறு சைக்கிள்களையும் உள்ளே விட்டான். கடைசி ஆள் போனதும் திரும்பக் கட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். அதற்குள் மேலே போனவர்கள் பனியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினான். வழியில் ஒருவர் ஏதோ நாறுகிறது என்றார். தோட்டம் என்றால் அப்படித்தான் என்றான்.

படங்கள் அற்புதமாக வந்தன. லெம்பா பெர்த்தாமில் எல்லோரும் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் அக்கா ஜெயாவின் போன் வந்தது.

"வேலம்மா அக்காவ ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டாங்கடா. மருந்து அடிச்ச மலைக்குள்ள பூந்து போயிருக்கு. ஈரச் செடி மேல பட்ட கையால மூஞ்சியத் தொடைச்சிருக்கு. கண்ணு ரெண்டும் வீங்கி, ஒரே வாந்தி, மூச்சு வேற வாங்குது. ஒங்க மாமா துணி கட்டலன்னு எல்லாரும் சொல்றாங்கடா."

மருந்து அடிக்கும் வேலை ஜெயாவின் கணவர் குணாளனுடையது. முப்பது வருடமாக முதுகில் மருந்து டாங்கி சுமந்தவர், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. கொழுந்து பறிக்கிற பெண்கள் பதின்மூன்றாம் நம்பர் மலைக்குப் போக அந்தப் பாதையில்தான் குறுக்கே புகுவார்கள். துணி இருந்தால் லோரி ரோட்டில் சுற்றிப் போவார்கள். அன்று துணி இல்லை. முன்னால் நடந்தவள் வேலம்மா.

"திங்கக்கெழம எட்டு மணிக்கு ஆபீஸ்ல விசாரண" என்றாள் ஜெயா. "வேல போச்சுன்னா வீட்டையும் காலி பண்ணணும்."

யோகேந்திரன் "ம்" என்றான்.

சனிக்கிழமை போயிற்று. ஞாயிறு காலை ஆறு சைக்கிள்களையும் கழுவினான், கழுவியதையே மறுபடி கழுவினான். பிறகு மைலோ டின்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனான். பெரிய மனுஷத்தனம்தான், வேறென்ன. வேலம்மாவுக்கு மூச்சு சீராகியிருந்தது. கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாச்சும் வந்து பாத்தியேப்பா. நல்லா இரு. குணாளன் மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லு. வயசாயிடுச்சி, மறதி வரத்தான செய்யும்."

அந்தக் கையிலிருந்து தன் கையை எப்படி உருவிக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது. வெளியே வந்து மோட்டார் சைக்கிளை நேராக லயத்துக்கு விட்டான்.

குணாளன் வாசலில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பேனாவால் என்னென்னவோ எழுதியிருந்தது: கேஸ் அடுப்பு, கதவு, மாத்திரை.

"நேத்துலேருந்து இப்படித்தான் எழுதி வச்சிக்கிறேன்" என்றார். "துணி கட்டுனது நல்லா ஞாபகம் இருக்குடா. செடியில ஒரு முடிச்சு, கம்பத்துல ஒரு முடிச்சு. கங்காணி போய்ப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்றாரு. அப்ப கட்டாமயே கட்டுனதா நெனைச்சிருக்கேன் போல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு."

"மாமா, நீங்க கட்டுனீங்க."

"நீ என்னத்தக் கண்ட?"

"நான்தான் அவுத்தேன். ஆளுங்களக் கூட்டிட்டுப் போறதுக்கு. திரும்பக் கட்டல." பையிலிருந்து துணியை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

அறைவார் என்று நினைத்தான். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது. குணாளன் துணியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஜெயா, இங்க வா. நான் கட்டியிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல, மூள நல்லாத்தான் இருக்கு" என்றார். சொல்லச் சொல்லக் கண்ணீர் இறங்கியது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பரீட்சையில் பாஸான பையனைப் போல அந்தத் துணியைப் பெண்டாட்டியிடம் காட்டினார்.

கோபம் வந்திருந்தால் யோகேந்திரனால் தாங்கியிருக்க முடியும். ஒரு மனுஷனை ஒன்றரை நாள் தன் மூளையையே சந்தேகப்பட வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குனிந்த தலையை அவனால் நிமிர்த்த முடியவில்லை.

"ஆபீஸ்ல நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டா" என்றார் குணாளன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஒன்ன இனி தோட்டத்துக்குள்ளயே விடமாட்டாங்க. தொழில் போயிடும். முப்பது வருஷ சர்வீஸ், எனக்கு வார்னிங் லெட்டர் குடுத்து விட்டுடுவாங்க. கட்டுனேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

யோகேந்திரனின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அது நிம்மதி என்று தெரிந்ததும் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆபீசுக்குப் போகாமல் முதலில் மாமாவிடம் வந்தானே, அவர் வாயால் இதைக் கேட்கத்தான் வந்தான்.

ஜெயா அவனுக்குத் தேத்தண்ணி வைக்கவில்லை. "எட்டு மணிக்கு" என்றாள். "வர்றியா, வரலையா?"

"வரேன்."

திங்கட்கிழமை குணாளன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றார். யோகேந்திரன் அவருக்குப் பக்கத்தில் நின்றான். இரவெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. கங்காணி நடந்ததைச் சொல்லி முடித்தார். துணி ஏன் கட்டவில்லை என்று மேனேஜர் கேட்டார். குணாளன் யோகேந்திரன் பக்கம் திரும்பாமலே, "மறந்துட்டேன் சார். வயசாயிடுச்சி. என் தப்புதான்" என்றார்.

மேனேஜர் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்தார்.

அதற்குப் பிறகுதான் யோகேந்திரன் வாயைத் திறந்தான். எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. பாதை போயிற்று. குணாளன் வேலையில் இருக்கிறார். தம்பி உண்மையைச் சொல்லிவிட்டான் என்று ஜெயா லயத்தில் சொல்லிக்கொள்கிறாள், கேட்டவர்களும் நல்ல பிள்ளை என்கிறார்கள். மாமா அந்தப் பொய்யைச் சொல்லி முடிக்கும் வரைக்கும், அது காகிதத்தில் ஏறி பேனா மூடப்படும் வரைக்கும் அவன் காத்திருந்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற குணாளனுக்குத் தெரியும்.