தங்கை சொன்ன காரணம்

ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்துக்குத் தங்கையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவளே அங்கே வேலை பார்க்கும் அக்காதான். தங்கை எழுதிய செயற்கை நுண்ணறிவு நிரல், கிருமியின் மரபணுவைப் படித்து அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். வழக்கம்போல் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து வைத்துப் பார்த்தால் மறுநாள் ஆகும். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பல வருஷமாக உறையவைத்துக் காத்த கிருமிகளையெல்லாம் நிரலுக்குப் பாடம் சொல்ல அள்ளிக் கொடுத்தாள்.

பிரசவ வார்டில் ஒரு தாய்க்கு ரத்தத்தில் கிருமி ஏறியது. நிரல் சொன்ன மருந்தையே டாக்டர் ஏற்றினார். மறுநாள் காலை அக்கா தட்டைத் திறந்தாள். மருந்து வேலை செய்திருந்தால் மருந்து வில்லையைச் சுற்றி வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், வில்லையை உரசிக்கொண்டு கிருமி மண்டிக் கிடந்தது. வார்டுக்கு ஓடினாள். மருந்தை மாற்றினார்கள். தாய் பிழைத்தாள், ஆனால் அதற்குள் சிறுநீரகம் அடிவாங்கிவிட்டது. விசாரணை என்றார்கள்.

"அக்கா, நீ முந்திக்கிட்டு எதுவும் பேசிடாத. நிரல் தப்புன்னு நானே சொல்லிடறேன்," என்று தங்கை கெஞ்சினாள்.

"சரிடி. நீயே சொல்றதுதான் உனக்கு மரியாதை."

விசாரணையில் தங்கை எழுந்தாள். அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை.

"நிரல் சரியாத்தான் படிச்சிருக்கு சார். பரிசோதனைக் கூடத்துல கவனக்குறைவா கையாண்டதுல, ரத்த மாதிரியில வேற கிருமி கலந்துடுச்சு."

அந்த ரத்த மாதிரியைத் தொட்ட கை அக்காவுடையது மட்டும்தான். அது தங்கைக்கும் தெரியும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அக்காவைக் கேட்டார் தலைமை மருத்துவர்.

"அந்த ரத்த மாதிரி இன்னும் உறைபெட்டியில பத்திரமா இருக்கு சார்." என்றாள் அக்கா. "வேற கூடத்துக்கு அனுப்புங்க. அவங்க பார்த்துச் சொல்லட்டும்."

அனுப்பினார்கள். கலப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இருந்தது ஒரே கிருமி. நிரல் அதுவரை கண்டிராத புது மரபணு ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் கிருமி மருந்துக்குத் தண்ணி காட்டியிருந்தது. தட்டில் வளர்த்துப் பார்க்காமல் நிரலை மட்டும் நம்பக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

அன்று மாலை தங்கை வீட்டுக்கு வந்தாள். நெடுநேரம் வாசலிலேயே நின்றாள்.

"பயந்துட்டேன் அக்கா."

"பயந்தா என் பின்னாடி வந்து ஒளிஞ்சிருக்கலாமே. என்னைப் பிடிச்சு முன்னாடி தள்ளிட்டியேடி!"

தங்கை அழுதாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அந்தக் கிருமியைக் குடுப்பியா? நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கணும்."

மறுத்துவிடலாமா என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த வார்டில் இன்னும் எத்தனையோ தாய்மார்கள் படுக்கப்போகிறார்கள்.

"நாளைக்கு ஆபீஸ்ல கேட்டு வாங்கிக்கோ. என்கிட்ட வராத."

தங்கை செருப்பை மாட்டினாள். சாப்பிட்டுப் போ என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அக்கா அதை விழுங்கிக்கொண்டாள்.