அவள் கால் வைத்த சாரம்

"இன்னொரு வார்த்த பேசினா இன்னைக்கு வேலைக்கே வர வேண்டாம். வீட்டுலயே கெட" என்றார் மேஸ்திரி. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் சொன்னார். மருமகளிடம் பேசும்போது சுவரைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், அவள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். ஒரு வருஷமாக அப்படித்தான்.

அவள் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. "மாமா, மணிக்கூண்டுச் சாரத்துல கீழ்ப்பாதியில சுவரோட பிடிச்சு நிறுத்துற கட்டு ஒண்ணுகூட இல்ல. நேத்து சாயங்காலம் கிளாம்ப் பொறுக்கும்போது பாத்தேன். அத மறுபடி போட்டுட்டு அப்புறம் பிரிக்கலாமே" என்று அடுப்படியில் நின்றபடி சொன்னாள். அதற்குத்தான் இந்தப் பதில். மாமியார் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டெறிந்தாள்.

"ஒரு பிள்ளைய முழுங்கினது போதலயா? அடுத்தவனுக்கும் வாய வைக்கிறாளே."

அந்த அடுத்தவன் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய கொழுந்தன். சதைப்பிடிப்பே இல்லாமல் நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் வேலையிடத்தில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். இன்றைக்கு மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறி முதல் பலகையைக் கழற்றப்போகிறவன் அவன்தான்.

"விடுங்க அண்ணி" என்றான். "நான் ஏறுனா சாரத்துக்கே தெரியாது. எடை இருந்தாத்தானே தெரியும்." சிரிக்க வைக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்தான்.

கட்டடத்தைச் சுற்றிப் பைப்பும் பலகையுமாகச் சாரம் கட்டுகிற இந்தக் கூட்டத்தில் பெண்களும் உண்டு. பைப் சுமப்பார்கள், கிளாம்ப் பொறுக்குவார்கள், துருப்பிடித்த திருகு மறைகளுக்கு எண்ணெய் போடுவார்கள். இடுப்பொடிய எல்லாம் செய்யலாம். ஆனால் சாரத்தில் கால் வைக்கக் கூடாது. பெண் கால் பட்ட சாரம் தீட்டு. அன்றைக்கு முழுவதும் எந்த ஆம்பளையும் அதில் ஏற மாட்டான். மேலே ஆள் நிற்கும்போது கீழேயிருந்து பெண் குரல் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் மேலே இருப்பவன் விழுவான். யார் இந்தச் சட்டத்தைப் போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆம்பளைகள் போட்டதுதான், வேறு யார்?

போன வருஷம் அவள் குரல் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் சாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே அவள் புருஷன். கீழே சுவர்க்கட்டுகள் முன்கூட்டியே கழற்றப்பட்டிருப்பதை அவள் பார்த்துவிட்டாள். "ஏங்க, இறங்கிடுங்க, கீழ கட்டு இல்ல" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் எட்டிப் பார்த்தான். அதற்குள் சாரம் சுவரைவிட்டு விலக ஆரம்பித்துவிட்டது. அவன் விழுந்தான். கட்டைக் கழற்றச் சொன்னவர் மேஸ்திரி. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், பொண்டாட்டி கூப்பிட்டாள், திரும்பினான், விழுந்தான் என்றுதான் சொல்வார்கள். மேஸ்திரிதான் முதலில் அப்படிச் சொன்னார். பெற்ற மகனின் சாவைச் சுமக்க முடியாமல் அதை மருமகள் தலையில் இறக்கிவைத்தார். ஊரும் சரி என்று அங்கேயே விட்டுவிட்டது.

அவளும் சில நாட்கள் நம்பினாள். நாம் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அப்புறம் ஒருநாள் கிளாம்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குரல் எப்படி ஒரு கட்டடத்து உயரச் சாரத்தைத் தள்ளும்? அன்றிலிருந்து அந்தக் கோபம் அவளை விட்டுப் போகவில்லை.

மணிக்கூண்டு சாதாரணக் கட்டடம் இல்லை. அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, கடிகாரம் இருக்கும் இடத்தில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அதற்கு மேல் குறுகிக் கூம்பாகப் போகும். சாரமும் அதே மாதிரி வளைந்து நெளிந்து ஏற வேண்டும். துருத்தி நிற்கிற இடத்தில் பைப்புகளைத் தரையிலிருந்து நேராகக் கொண்டுபோக முடியாது. அந்தப் பாரம் முழுவதையும் சுவரோடு பிணைத்த கட்டுகள்தான் தாங்கும். கட்டுகிறபோது கீழேயிருந்து மேலே. பிரிக்கிறபோது மேலேயிருந்து கீழே. ஒரு தட்டைப் பிரித்து இறங்கி வந்த பிறகுதான் அடுத்த தட்டின் கட்டைத் தொட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் சாரம் கட்டுகிற நாளில் இருக்கிற அக்கறை பிரிக்கிற நாளில் இருப்பதில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே, இனி என்ன என்கிற அலட்சியம்.

நாளை மறுநாள் மணிக்கூண்டைத் திறக்கப் போகிறார்கள். கட்டுப் போட்ட ஓட்டைகளை அடைத்துச் சாயம் அடித்தால்தான் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். அதனால் மேலே சாரம் நிற்கும்போதே கீழ்ப்பாதிக் கட்டுகளை எல்லாம் உருவிவிட்டார்கள். மேலே சுற்றியிருந்த பச்சை வலையையும் அவிழ்க்கவில்லை. காற்றை முழுக்க அது வாங்கிக்கொண்டிருந்தது.

வேலையிடத்துக்கு வந்ததும் அவள் முதலில் பெயிண்டரிடம் போனாள்.

"அண்ணே, மறுபடி கட்டுப் போடச் சொல்லி நீங்க மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"எனக்கெதுக்கும்மா வம்பு? உங்க மாமனார்தான் கழட்டச் சொன்னாரு. நான் ஓட்டைய அடைச்சேன், சாயம் அடிச்சேன், என் வேல முடிஞ்சுது" என்று பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டார். "இப்ப மறுபடி ஓட்ட போட்டா, யாரு பூசுறது?"

ஆபீஸ்காரர் ஒருவர் தலையில் தொப்பியோடு போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடமும் கேட்டாள். "மேஸ்திரி அனுபவஸ்தர், அவருக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். ஷெட்டின் ஆணியில் புத்தம் புதிய பாதுகாப்பு பெல்ட்டுகள் தொங்கின. யாராவது பெரிய மனுஷர் பார்க்க வந்தால் மாட்டிக்கொள்வதற்காக வாங்கியவை. பெல்ட் போட்டவனைப் பார்த்துப் பொம்பள என்று கேலி பேசுகிற கூட்டத்தில் மற்ற நாட்களில் அதை யார் தொடுவான்?

கொழுந்தன் ஏணிக்குப் பக்கத்தில் நின்று உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் வாளியோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, ஏறாத."

"கட்டு இல்லன்னு எனக்கு மட்டும் தெரியாதா அண்ணி?" என்றான் மெதுவாக. அவன் உதடு காய்ந்திருந்தது. "அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? பயந்தாங்கொள்ளின்னு இவங்க எல்லாரும் சிரிப்பாங்க. அண்ணன் இப்படித்தான் ஏறினாரு, நான் மட்டும் ஏற மாட்டேன்னா சொல்றது?"

"உங்கண்ணன் அப்படி ஏறினதாலதான் இன்னைக்கு இல்ல."

அவன் தரையைப் பார்த்தான். அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "என்னடா பேச்சு? ஏறு. வெயில் ஏறுறதுக்குள்ள கூம்ப முடிக்கணும்." மருமகளின் பக்கம் திரும்பாமல், "நீ அந்தப் பக்கம் போ. உன் குரல் கேட்டுச்சுன்னா தெரியும்" என்றார்.

அவர் முட்டாள் இல்லை. கட்டில்லாத சாரம் எப்படி நிற்கும் என்று அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இன்றைக்குக் கட்டைத் திரும்பப் போடச் சொன்னால், போன வருஷமும் போட்டிருக்க வேண்டும் என்று ஆகிவிடும். மூத்த மகனைக் கொன்றது மருமகளின் குரல் இல்லை, தான்தான் என்று ஆகிவிடும். அதை ஒப்புக்கொள்வதைவிட இளைய மகனை மேலே அனுப்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. இப்படிப்பட்ட தகப்பன்களை என்ன சொல்லித் திட்டுவது? வாயில் வருகிற எந்த வார்த்தையும் போதவில்லை.

கொழுந்தன் ஏணியில் கை வைத்தான்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். அவனை ஒரு கையால் விலக்கிவிட்டு ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள். அடுத்த படி, அதற்கடுத்த படி என்று ஏறி, முதல் தட்டின் பலகைமேல் போய் நின்றாள். பக்கத்துப் பைப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பைப் அவள் கைக்கே லேசாக ஆடியது.

வேலையிடத்தில் எல்லாரும் கைவேலையை விட்டார்கள். ரேடியோ என்று ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தூங்கும்போதுகூடப் பேசுவான் என்பார்கள். அவனுக்கே பேச்சு வரவில்லை. கொழுந்தன் சுட்டுக்கொண்டவன்போல் ஏணியிலிருந்து பின்வாங்கினான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் சாரத்தைவிட்டுத் தள்ளிப் போனார்கள்.

"இறங்குடி" என்றார் மேஸ்திரி. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

குரல் கேட்கக் கூடாது என்றுதானே உத்தரவு. மாமனார் பேச்சைத் தட்டாத மருமகளாக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"இழுத்து இறக்குங்கடா அவள."

யார் இறக்குவது? இறக்க வேண்டுமானால் ஏற வேண்டும், ஏறினால் தீட்டு. தாலியறுத்தவள் கால் பட்ட சாரம் வேறு. ஒருவனும் அசையவில்லை. கட்டில்லாத சாரத்தில் காலையிலிருந்து ஏறத் தயாராக நின்ற வீரர்கள் ஒரு பெண்ணின் வெறுங்காலுக்குப் பயந்து நின்றார்கள்.

"இன்னைக்கு வேல நடக்காது மேஸ்திரி" என்றான் ரேடியோ, ஒருவழியாகக் குரல் திரும்பி. "நாளைக்குத்தான். இது தெரிஞ்ச கதையாச்சே." தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்க டீக்கடையைப் பார்த்து நடந்தான். மற்றவர்களும் கிளம்பினார்கள். மேஸ்திரியும் கொழுந்தனும்கூடப் போனார்கள். கடைசி ஆள் தெருவைத் தாண்டும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டாள். தெருவிலிருந்து மணிக்கூண்டுக்குப் போகிற வழியில் ஒரு பைப்பைக் குறுக்கே போட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் காற்று கிளம்பியது. புயல் ஒன்றும் இல்லை, காயப்போட்ட துணியைக் கொடியிலிருந்து தள்ளுகிற அளவுக்குக் காற்று. பச்சை வலை புடைத்தது. துருத்தி நிற்கிற இடத்தில் ஒரு பைப் முதலில் விலகியது. பிறகு கூம்பிலிருந்து அடிவரை மொத்தச் சாரமும் சுவரைவிட்டுச் சரிந்து வெற்றுத் தரையில் விழுந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். கொழுந்தன் கையிலிருந்த டீ முழங்கைவரை வழிந்தது. அவனுக்குச் சுட்டதே தெரியவில்லை.

வீட்டுக்குச் சேதி அவர்களுக்கு முன்பே போய்விட்டது. ரேடியோ இருக்கும்போது வேறு எப்படி? அவள் வாசல் ஏறும்போதே பக்கத்து வீட்டுக்காரிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேஸ்திரியும் மகனும் அவளுக்கு முன்பே வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"முப்பது வருஷமா கட்டுறேன். என் சாரம் இப்படி மொத்தமா சரிஞ்சதில்ல" என்றார் மேஸ்திரி சுவரைப் பார்த்து. "கால் வச்சா, விழுந்துச்சு. இன்னும் என்ன சாட்சி வேணும்? இனி இவ வேலைக்கு வரக் கூடாது."

"அதான் சொன்னேனே" என்றாள் மாமியார். "காலா அது? வச்ச இடமெல்லாம் சுடுகாடு." சொல்லிக்கொண்டே, உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற மகனின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தாள். "சாப்பிடுப்பா. காலையிலயும் சரியா சாப்பிடல நீ."

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் தெரியும். இந்த வீட்டில் உண்மையைச் சொல்லக்கூடிய இன்னொரு வாய் அவனுடையதுதான். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வரவில்லை, கோபம்தான் வந்தது. தானே ஒரு தட்டை எடுத்தாள். ஆம்பளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள், அன்றைக்கு நேராக வந்து கூடத்தில் நின்றாள்.

"ஆமா மாமா. நான் கால் வச்சதாலதான் விழுந்துச்சு. அப்படியே ஊரெல்லாம் சொல்லுங்க" என்றாள். "அடுத்த வேல எங்கன்னு நீங்க சொல்ல வேண்டாம். நானே தேடி வருவேன். கட்டு இல்லாத சாரம் எங்க நின்னாலும் கால் வைப்பேன். உங்க சாரம், அடுத்தவங்க சாரம்னு பாக்க மாட்டேன்."

மாமியார் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். மேஸ்திரி செருப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

அவள் தட்டோடு உட்காரப்போனாள். கொழுந்தன் தலை நிமிராமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.